முன்னே எழுவது எது?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை தன் தெற்கு முனையில் சற்றே விலகி வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து போகிறவர், அங்கிருந்து முப்பந்தல் வரையிலும் அதற்கு அப்பாலும் நிரை நிரையாக நிற்கும் காற்றாலைகளைப் பாராமல் போக முடியாது. மே மாதம் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய்க்குள் நுழைந்து, இருபுறமும் மலையால் நெருக்கப்பட்டு, அந்த நெருக்கத்தினாலேயே வேகம் பெறுகிறது. ஆகவே, ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறன் கொண்டதென்று சொல்லப்படும் இந்தத் தொகுதி, நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றாக விளங்குகிறது. ஆனால் இங்கே ஒரு விசித்திரம் உண்டு. காற்று எத்தனை பலமாக வீசினாலும், மின்வாரியத்தின் கம்பியில் மின்சாரம் இல்லாத நேரத்தில், இந்த யந்திரங்களில் பெரும்பாலானவை ஒரு வீட்டு விளக்கை எரிக்கும் அளவு மின்சாரத்தைக்கூடத் தாமாகத் தரமாட்டா. மின்சாரம் உற்பத்தி செய்வதற்கென்றே நாட்டப்பட்ட யந்திரம், தன் தொழிலைத் தொடங்குவதற்கு முன்னால் வேறொருவரிடமிருந்து மின்சாரத்தை எதிர்பார்த்து நிற்கிறது.

இதற்குக் காரணம் யந்திரத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. பழைய காற்றாலைகளில் பெரும்பாலும் பொருத்தப்பட்டிருப்பது தூண்டல் வகை ஜெனரேட்டர். நம் கிணற்று மோட்டாரும் மாவு மில் மோட்டாரும் எந்தத் தத்துவத்தில் சுழல்கின்றனவோ, அதே தத்துவத்தில் அமைந்தது அதுவும். அதன் சுழலும் பாகத்தில் நிலைக்காந்தம் கிடையாது. அதற்குத் தனியே மின்சாரம் ஊட்டும் ஏற்பாடும் கிடையாது. வெளிக்கம்பியிலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தை வாங்கி, அதனால் ஒரு சுழல் காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொண்டு, அந்தப் புலத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் காற்று தன்னைத் தள்ளும்போதுதான் அது சக்தியைக் கம்பிக்குத் திருப்பித் தருகிறது. நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், நான்கு துருவங்கள் கொண்ட யந்திரத்தின் காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1,500 முறை சுற்றும். அதற்கு நூற்றில் ஒரு பங்கு அளவு மேலே போனாலே உற்பத்தி நடக்கிறது. கம்பி செத்துப்போனால் புலம் இல்லை; புலம் இல்லையென்றால் எத்தனை வேகமாகச் சுழன்றும் பயனில்லை என்பதோடு, தடுத்து நிறுத்தச் சுமை ஏதும் இல்லாமையால் இறக்கை கட்டுக்கு அடங்காமல் சுழலும் அபாயமும் சேருமாதலால், பாதுகாப்புக் கருவி உடனே பிரேக்கைப் போட்டுவிடுகிறது. புதிய காற்றாலைகளில் மின்னணுச் சாதனங்கள் வந்துவிட்டன என்றாலும், அவற்றிலும் அநேகம் கம்பியின் தாளத்தைக் கேட்டு அதைப் பின்பற்றி நடப்பவையே. இறக்கையின் கோணத்தை மாற்றும் மோட்டாருக்கும், தலையைக் காற்றின் திசைக்குத் திருப்பும் மோட்டாருக்கும், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் வேண்டிய மின்சாரம் வெளியிலிருந்தே வரவேண்டும்.

பல உறுப்புகள் ஒன்றையொன்று நம்பி நடக்கும் எந்த அமைப்பையும் எடுத்துக்கொண்டால், அது நடந்துகொண்டிருக்கும் காலத்தில் இந்தச் சார்புகள் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. எல்லாரிடத்திலும் எல்லாம் இருக்கிறது. ஆகவே யார் யாரிடம் எதைப் பெறுகிறார் என்ற கேள்வியே எழுவதில்லை. எல்லாம் ஒருமுறை நின்று, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மறுபடி எழவேண்டிய சமயத்தில்தான், எது எதற்கு முன் எழவேண்டும், எது இல்லாவிட்டால் எது எழவே முடியாது என்ற கணக்கு வெளிப்படுகிறது. இந்த அத்தியாயத்தின் விஷயம் அந்தக் கணக்குத்தான். மின்சாரத் துறையினர் இதை வெகு காலமாக அறிவார்கள். கணினித் துறையினர் சர்வர்களைப் பராமரிக்கும் தொழிலில் இதைத் தாமாக மறுபடியும், சில சமயம் மிகுந்த சிரமப்பட்டு, கற்றுக்கொண்டார்கள்.

மின்சாரத்தின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஆரல்வாய்மொழிக்கு அதிக தூரமில்லாத தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் திறனுள்ள அலகுகள் 5 இருக்கின்றன. இத்தகைய அலகு ஒன்று நீரை உயர் அழுத்தத்தில் கொதிகலனுக்குள் செலுத்தவேண்டும். நிலக்கரியை மாவாக அரைக்கவேண்டும். காற்றை உள்ளே ஊதிப் புகையை வெளியே இழுக்கவேண்டும். குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடவேண்டும். இவ்வளவுக்கும் வேண்டிய மோட்டார்கள் அந்த அலகின் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்தை விழுங்கிவிடும். ஓடும்போது அதைத் தன் உற்பத்தியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நின்றுவிட்டால், எழுவதற்கு வேண்டிய பல மெகாவாட்டை யாராவது வெளியிலிருந்து தரவேண்டும். ஆக, காற்றாலைக்கும் கம்பி வேண்டும், அனல் நிலையத்துக்கும் கம்பி வேண்டும். கம்பிக்கு உயிர் கொடுக்கவேண்டியவர்களோ இவர்களே. இப்படி ஒரு வட்டம் ஏற்பட்டுவிட்டால், அந்த வட்டத்துக்குள் இருக்கும் எவரும் முதலில் எழ முடியாது.

வட்டத்தை உடைக்க வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒன்று வேண்டும். அந்த ஸ்தானத்துக்கு மிகத் தகுதியானது நீர்மின் நிலையம். கோதையாற்றின் மலைப்பகுதியில் முறையே 60, 40 மெகாவாட் திறனுள்ள இரண்டு மின் நிலையங்கள் இருப்பதையும், அவற்றைச் சுழற்றிய நீரே பிறகு பேச்சிப்பாறை அணைக்கு வருவதையும் கன்னியாகுமரி மாவட்டத்தார் அறிவார்கள். மலைமேல் தேங்கி நிற்கும் நீரில் சக்தி ஏற்கனவே சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது; அதை அவிழ்த்துவிட, வால்வையும் வழிகாட்டு இலைகளையும் திறக்கும் எண்ணெய் அழுத்தமும், ஜெனரேட்டரின் காந்தத்துக்கு ஊட்டுவதற்குக் கொஞ்சம் மின்சாரமும் இருந்தால் போதும். அறையின் மூலையில் இருக்கும் பாட்டரி வரிசையும் ஒரு சிறிய டீசல் எஞ்சினும் இதைச் செய்துவிடும். ஆகவே முழு இருட்டிலிருந்து எழும் முறைக்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வரிசைதான்: பாட்டரி, டீசல், நீர்மின் நிலையம், அதிலிருந்து அனல் நிலையத்துக்குப் போகும் ஒரே ஒரு கம்பி, அனல் நிலையத்தின் பம்புகளும் விசிறிகளும், சில மணி நேரத்துக்குப் பின் அதன் கொதிகலன், கடைசியாகத்தான் நகரங்களும் கிராமங்களும், அவையும் ஒரேயடியாக அல்ல, சிறு சிறு துண்டுகளாக. பொதுமக்கள் முதலில் எதிர்பார்ப்பது தங்கள் வீட்டு விளக்கை. அமைப்பின் நியாயம் அதைக் கடைசியில் வைக்கிறது.

இது நம் நாட்டில் பரீட்சிக்கப்பட்ட காலம் 2012ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. 30ஆம் தேதி பின்னிரவில் வட இந்திய மின்தொகுப்பு முழுவதும் விழுந்தது. அதை எழுப்பி ஒரு நாள்கூட நிம்மதியாக ஆவதற்குள், 31ஆம் தேதி பிற்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடி மக்களுக்கு மேல் வசிக்கும் பிரதேசம் அது. எழுப்புவதற்கு வேண்டிய முதல் மின்சாரம், விழாமல் நின்ற மேற்குத் தொகுப்பிலிருந்தும் பூட்டானின் நீர்மின் நிலையங்களிலிருந்தும் எடுத்துக்கொடுக்கப்பட்டது. தென்னாடு அன்று தப்பித்தது. அதற்குக் காரணம் நம் சாமர்த்தியம் அல்ல. தெற்குத் தொகுப்பு அக்காலத்தில் மற்றத் தொகுப்புகளுடன் நேர்மின்சார இணைப்புகள் வழியாக மட்டுமே சேர்க்கப்பட்டிருந்ததால், அங்கே தாளம் தப்பியபோது அந்தத் தடுமாற்றம் இங்கே கடந்து வர வழியில்லை. ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி போடப்பட்டு, 2013 டிசம்பர் 31ஆம் தேதி நாடு முழுவதும் ஒரே தாளத்தில் இணைந்தது. அதனால் நமக்குக் கிடைத்த நன்மைகள் ஏராளம். ஆனால் அன்று முதல் கன்னியாகுமரியும் காஷ்மீரும் ஒரே சார்புச் சங்கிலியில் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். காற்றாலையின் நிலையும் என்றென்றைக்கும் இப்படியே இருக்கப்போவதில்லை. 2020ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டெர்சலோக் என்னுமிடத்தில், பிறர் தாளத்தைப் பின்பற்றாமல் தானே தாளம் போடும் மின்னணு ஏற்பாட்டின் துணையால், ஒரு காற்றாலைத் தொகுதி செத்த கம்பிக்கு உயிர்கொடுத்துக் காட்டிவிட்டது.

இனி சர்வருக்கு வருவோம். நாகர்கோவிலில் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஐப்பசி மழையில் நெடுநேரம் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸின் பாட்டரியும் தீர்ந்து, சர்வர் அணைந்து, பின்பு மின்சாரம் திரும்பியதும் தானே எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எழும் அந்த ஒரு நிமிஷத்தில் பல காரியங்கள் நடக்கவேண்டும். டிஸ்குகள் அவற்றுக்குரிய இடங்களில் இணைக்கப்படவேண்டும், நெட்வொர்க்கில் முகவரி கிடைக்கவேண்டும், கடிகாரம் சரியான மணிக்குத் திருத்தப்படவேண்டும், டேட்டாபேஸ் எழவேண்டும், அதை நம்பி நிற்கும் வெப் சர்வரும் மற்ற சேவைகளும் எழவேண்டும். இவற்றில் முன்பின் மாறினால் விளைவது எப்போதும் கண்ணுக்குத் தெரியும் பிழையாக இருப்பதில்லை. கடிகாரம் திருந்துவதற்கு முன் ஒரு சேவை எழுந்து, பாதுகாப்புச் சான்றிதழின் தேதியைப் பார்த்து, அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று தொடர்பையே மறுத்துவிடலாம். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. டேட்டாபேஸின் கோப்புகள் இருக்கும் தனி டிஸ்க் இணைக்கப்படுவதற்கு முன்பே டேட்டாபேஸ் எழுந்துவிட்டால், அதற்குத் தென்படுவது அந்த இடத்தில் இருக்கும் வெற்று ஃபோல்டர். சில அமைப்புகளில், வெற்று ஃபோல்டரைக் கண்டால் புதிய டேட்டாபேஸ் ஒன்றை சிருஷ்டித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருப்பார்கள். எழுந்தவுடன் எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகவே தோன்றும். பல வருஷத்துக் கணக்குகள் மட்டும் மாயமாகியிருக்கும். அவை அழிந்துவிடவில்லை, அந்த டிஸ்கில் பத்திரமாகவே இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் அலுவலகத்தில் ஒரு பிரளயமே நடந்து முடிந்துவிடும்.

யூனிக்ஸ் மரபில் வந்த சர்வர்களில், உட்கரு (கெர்னல்) எழுந்ததும் முதன்முதலாகத் தொடங்கும் நிரலுக்கு 1 என்னும் எண் உண்டு. மற்ற சேவைகளையெல்லாம் எழுப்பும் பொறுப்பு அதனுடையது. பழைய ஏற்பாட்டில், ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு நிரல் எழுதி, அதன் பெயருக்கு முன் ஓர் இரண்டிலக்க எண்ணைச் சேர்த்துவிடுவார்கள். எண்ணின் வரிசையில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எளிமையான உபாயம்; இருபது வருஷத்துக்கு மேல் உலகம் அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளியது. ஆனால் எண் வரிசையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 20ஆம் எண்ணில் இருக்கும் சேவை 35ஆம் எண்ணில் இருப்பதற்கு முன்னால் எழுவது உண்மையான அவசியத்தாலா, யாரோ ஒருவர் கைக்கு வந்த எண்ணைப் போட்டதாலா என்று பின்னால் வருகிறவர் அறிய வழியில்லை. ஆகவே எதையும் இடம் மாற்ற அஞ்சுவார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சேவைகளும் வீணாகக் காத்திருந்து எழும். நெட்வொர்க் முகவரிக்காக ஒரு சேவை அரை நிமிஷம் காத்திருந்தால், அதோடு எவ்வித உறவும் இல்லாத மற்ற நாற்பதும் சேர்ந்தே காத்திருக்கும்.

வரிசையைக் கையால் எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு சேவையும் தான் யாரை நம்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டால், வரிசையை யந்திரமே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்குக்கான வழியை ஆர்தர் கான் என்பவர் 1962ஆம் ஆண்டிலேயே பிரசுரித்திருந்தார். பெரிய நிர்மாண வேலைகளில் எந்தக் காரியம் எதற்கு முன் என்று திட்டமிடுவதற்காகப் பிறந்த கணக்கு அது. முறை மிகவும் சுலபம். யாரையும் நம்பாத சேவைகளை முதலில் பொறுக்கி எடுத்து எழுப்புக, அவற்றை நம்பியிருந்தவர்களின் பட்டியலிலிருந்து அந்தப் பெயர்களை அடித்துவிடுக, அப்படி அடித்ததனால் இப்போது பட்டியல் காலியானவர்கள் யார் என்று பார்த்து அவர்களை எழுப்புக, இப்படியே கடைசிவரை. ஒரே சமயத்தில் பட்டியல் காலியானவர்கள் பத்துப் பேர் இருந்தால் பத்தையும் ஒன்றாகவே எழுப்பலாம். இன்னும் ஆள்கள் மிஞ்சியிருக்க, பட்டியல் காலியானவர் ஒருவரும் இல்லையென்றால், அங்கே வட்டம் இருக்கிறது என்று பொருள். 2010ஆம் ஆண்டில் லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் ஆகிய இருவரும் லினக்ஸுக்காக உருவாக்கி வெளியிட்ட சிஸ்டம்டி என்னும் நிரல் இந்தச் சார்புக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. அதைப் பற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்கள் மத விவகாரங்களின் உஷ்ணத்தை எட்டின. 2014ஆம் ஆண்டு டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பின் தொழில்நுட்பக் குழு பெரும் பிணக்குக்குப் பிறகு அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டியதில்லை.

போகவேண்டிய இடம் வேறு. சிஸ்டம்டியைப் புதிதாகக் கையாளுகிறவர்கள் பெரும்பாலும் இடறி விழும் நுட்பம் ஒன்று உண்டு. அது இந்த விஷயத்தின் சாரத்தையே தொடுகிறது. தேவை வேறு, வரிசை வேறு. ஒரு சேவையின் அமைப்புக் கோப்பில் ‘ரிக்வயர்ஸ்’ என்று எழுதினால், இன்னொரு சேவையும் எழுப்பப்படவேண்டும் என்ற தேவையை மட்டும் சொன்னதாகும். அது முன்னால் எழவேண்டும் என்று சொன்னதாகாது. இரண்டும் ஒரே கணத்தில் எழுப்பப்படும். ‘ஆஃப்டர்’ என்று எழுதினால், இரண்டும் எழுவதாக இருந்தால் அது முன், இது பின் என்ற வரிசையை மட்டும் சொன்னதாகும். அந்த இன்னொன்று எழவேண்டும் என்று யாரும் கேட்காவிட்டால், இது தனியாகவே எழுந்துவிடும். டேட்டாபேஸ் வேண்டும், அதுவும் முன்னால் வேண்டும் என்பவர் இரண்டையும் எழுதவேண்டும். ‘வான்ட்ஸ்’ என்று மென்மையான மூன்றாவது ஒன்றும் உண்டு: இருந்தால் நல்லது, அது எழத் தவறினாலும் நான் நின்றுவிடமாட்டேன் என்பது அதன் கருத்து. அனுபவசாலிகள் பெரும்பாலும் இந்த மூன்றாவதையே விரும்புகிறார்கள்; நானும் அந்தக் கட்சிதான். கண்டிப்பான தேவைகளை அதிகமாக எழுதிவைத்தால், எங்கோ ஒரு மூலையில் அற்பமான சேவை ஒன்று தவறியதற்காக, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த முக்கியமான சேவைகளெல்லாம் எழ மறுத்துவிடும்.

இதற்கும் ஆழத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை நாஞ்சில் நாட்டு விவசாயிக்குச் சொன்னால் மறு வார்த்தை பேசாமல் புரிந்துகொள்வார். திருவிதாங்கூர் அரசு 1906ஆம் ஆண்டில் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் மதகுகள் வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் கன்னிப்பூ சாகுபடிக்காகத் திறக்கப்படுகின்றன. மறுநாள் பத்திரிகையில் அணை திறக்கப்பட்ட செய்தி வந்துவிடும். ஆனால் அந்த நீர் புத்தன் அணைக்கு வந்து, பெருஞ்சாணி அணையின் நீரோடு சேர்ந்து, தோவாளை சானலிலும் அனந்தனார் சானலிலும் பிரிந்து, வழியில் இருக்கும் மடைகளையும் குளங்களையும் தாண்டிக் கடைவரம்புக்கு வந்து சேர நாள்கள் பிடிக்கும். அணை திறந்தது என்பது ஒரு செய்தி. என் மடையில் நீர் பாய்கிறது என்பது வேறொரு செய்தி. முன்னதை நம்பி நாற்று பறித்தவன் நஷ்டப்படுவான். சர்வரிலும் அப்படியே. ஒரு சேவையின் நிரல் ஓடத் தொடங்கிவிட்டது என்பது ஒன்று. அது வேலை செய்யத் தயாராகிவிட்டது என்பது வேறொன்று. திடீரென மின்சாரம் போய் அணைந்த டேட்டாபேஸ், மறுபடி எழுந்தவுடன், பாதியில் நின்ற கொடுக்கல் வாங்கல்களைத் தன் நாள்குறிப்பிலிருந்து படித்துச் சரிசெய்யும் வரையில் எவருக்கும் கதவைத் திறப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் போன்றவை அந்த நேரத்தில் வருகிறவர்களிடம், நான் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறேன் என்ற பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். நெட்வொர்க் விஷயத்திலும், அதை நிர்வகிக்கும் நிரல் எழுந்துவிட்ட நிலைக்கு ஒரு பெயரும், முகவரி கிடைத்துப் போக்குவரத்துக்கு வழி திறந்துவிட்ட நிலைக்கு வேறொரு பெயரும் சிஸ்டம்டியில் இருப்பது இதனால்தான்.

இந்தப் பேதத்தை அறியாதவர்கள் கையாளும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: முப்பது விநாடி தூங்கிவிட்டுப் பிறகு எழு என்று சேவையின் தொடக்கத்தில் எழுதிவிடுவது. இது நூறு சர்வர்களில் இருப்பதைக் காணலாம். நூறிலும் அது பிழைதான். நல்ல நாளில் முப்பது விநாடி அநாவசியமாக வீணாகிறது. மோசமான நாளில், அதாவது டேட்டாபேஸுக்குச் சரிசெய்யும் வேலை அதிகமாக இருக்கும் நாளில், முப்பது விநாடி போதாமல் போகிறது. சரியான முறை, தயாராகிவிட்டேன் என்பதை அந்தச் சேவையே தன் வாயால் சொல்வது. அப்படிச் சொல்வதற்கென்று சிஸ்டம்டியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சொல்லும் வரை அதை நம்பியவர்கள் எழுப்பப்படமாட்டார்கள்.

காத்திருப்பையே தவிர்க்கும் இன்னொரு வழியும் உண்டு. அதுதான் இந்த முழு விஷயத்திலும் மிக அழகான யோசனை என்பது என் அபிப்பிராயம். சேவை எழுவதற்கு முன்பே, அது கேட்கவேண்டிய வாசலை 1ஆம் எண் நிரல் தானே திறந்துவைத்துவிடுகிறது. வருகிறவர்கள் அந்த வாசலில் தங்கள் கோரிக்கையைப் போட்டுவிட்டு நிற்கலாம். அவை உட்கருவின் வரிசையில் சேர்ந்திருக்கும். சேவை எழுந்ததும் எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லும். ஆப்பிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே தன் கணினிகளில் இதைக் கொண்டுவந்திருந்தது. நாஞ்சில் நாட்டின் குளங்கள் செய்யும் காரியமும் இதுவே. அணைக்கும் வயலுக்கும் நடுவே குளம் இருப்பதனால், அணை திறக்கும் நேரமும் வயலுக்கு நீர் வேண்டிய நேரமும் ஒத்துப்போகவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. வந்த நீர் தேங்கும், வேண்டும்போது மடை திறக்கும், மிஞ்சியது மறுகாலில் வழிந்து கீழ்க்குளத்துக்குப் போகும். இடையில் ஒரு தேக்கம் இருந்தால் முன்பின் கணக்கின் கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது. குளம் உடையும் அளவுக்கு நீர் வந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை இரண்டுக்கும் பொது.

வட்டச் சார்பு கணினி உலகிலும் வெகு சகஜம். பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும் சர்வர் ஒன்று இருக்கிறது; அது ஒரு மெய்நிகர் யந்திரமாக ஓடுகிறது; அந்த யந்திரத்தின் டிஸ்க் வேறொரு சேமிப்புச் சாதனத்தில் இருக்கிறது; அந்தச் சாதனத்தைப் பெயரைச் சொல்லியே அழைக்கும்படி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஓடும் வரையில் இதில் ஒரு குற்றமும் தெரியாது. மைக்ரோசாப்டின் கிளஸ்டர்கள், அதாவது ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டங்கள், நெடுங்காலம் இப்படியொரு நிலையில் இருந்தன: கிளஸ்டர் எழ, யார் யார் என்று அடையாளம் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் வேண்டும், டொமைன் கன்ட்ரோலரோ பல இடங்களில் அந்தக் கிளஸ்டருக்குள்ளேயே ஓடியது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், கன்ட்ரோலர் இல்லாமலே கிளஸ்டர் எழும் வசதி வந்தது. சிஸ்டம்டி தன் கணக்கில் வட்டத்தைக் கண்டால், கட்டாயமில்லாத ஏதாவது ஒரு சேவையைக் கழற்றிவிட்டு மேலே போய்விடும். கழற்றியதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைக்கும். அதை ஒருவரும் படிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே சேவைதான் கழலும் என்ற உறுதியும் இல்லை. சில தடவை எழுகிறது, சில தடவை எழவில்லை என்று ஒரு சேவையைப் பற்றி யாராவது புலம்பினால், முதலில் வட்டத்தைத் தேடுவது பிரயோஜனமாக இருக்கும்.

மிகப் பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக்கும் அதன் சகோதர சேவைகளும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே மறைந்துபோயின. பராமரிப்பு வேலையின்போது பிறந்த ஒரு கட்டளை அவர்களுடைய மைய நெட்வொர்க்கைத் துண்டித்தது. பெயர்களுக்கு முகவரி சொல்லும் சர்வர்கள், தம்மால் தரவு மையங்களை எட்ட முடியவில்லை என்பதைக் கண்டு, தம் வழியையே இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. அவை விலகியதும், பழுதைப் பார்ப்பதற்கென்று பொறியாளர்கள் வைத்திருந்த உள் கருவிகளும் செயலிழந்தன. அவையும் அதே பெயர்ச் சர்வர்களை நம்பியிருந்தவையே. கடைசியில் ஆள்களை நேரிலேயே தரவு மையங்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று; உள்ளே எளிதில் நுழைய முடியாதபடி அந்தக் கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டிருந்ததால் அதற்கும் நேரம் பிடித்தது. இணைப்பு திரும்பிய பிறகும் அவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. தரவு மையங்களின் மின் நுகர்வு பல பத்து மெகாவாட் குறைந்திருந்தது. உலகம் முழுவதும் ஒரே கணத்தில் வந்து மோதினால் மின்சார அமைப்பிலிருந்து தற்காலிக நினைவகங்கள் வரை எதுவும் தாங்காமல் போகலாம் என்று அஞ்சினார்கள். மின்வாரியத்தாரும் இதே காரணத்தால்தான் நீண்ட வெட்டுக்குப் பின் ஊர்களைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறார்கள்: சாதாரண நாளில் ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓய்ந்திருக்கும் ஃபிரிட்ஜுகளும் மோட்டார்களும், வெட்டுக்குப் பின் அத்தனையும் ஒன்றாகவே கிளம்பும்.

ஆகவே, வரிசையை எத்தனை நேர்த்தியாக அமைத்தாலும் அது எழும் கணத்துக்கு மட்டுமே பாதுகாப்பு என்பதை நினைவில் வைக்கவேண்டும். டேட்டாபேஸ் முதலில் எழுந்தது, வெப் சர்வர் அடுத்து எழுந்தது. மூன்று நாள் கழித்து டேட்டாபேஸ் மட்டும் ஒரு நிமிஷம் விழுந்து எழுந்தால், தொடக்கத்து வரிசை என்ன செய்யும்? நல்ல சேவை, தான் நம்பியவர் இல்லாதபோது இறந்துவிடாமல், சற்று நேரம் பொறுத்து மறுபடி கேட்கும். ஒவ்வொரு தடவையும் இடைவெளியை இரட்டிப்பாக்கும். ஆயிரம் பேர் ஒரே விநாடியில் மறுபடி வந்து மோதாமலிருக்க, அந்த இடைவெளியில் கொஞ்சம் தற்செயலையும் கலந்துகொள்ளும். எல்லாச் சேவைகளும் இப்படி எழுதப்பட்டிருந்தால் வரிசைக் கணக்கே தேவையில்லை என்று வாதிப்பவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான சர்வர்களை நடத்துகிறவர்கள் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்தும்விட்டார்கள். இரண்டு மூன்று சர்வர்களை வைத்திருக்கும் சாதாரண அலுவலகத்துக்கு இரண்டும் வேண்டும்.

அணைக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுந்த வரிசையின் தலைகீழ் அது. சிஸ்டம்டி அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. நிறுத்தும்படி சொல்லப்பட்ட சேவைக்கு, வேறு ஏற்பாடு இல்லையென்றால், 90 விநாடி அவகாசம் தந்து, அதற்குள் நிற்காவிட்டால் பலவந்தமாகக் கொன்றுவிடும். நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதி முடிக்கப் பெரிய டேட்டாபேஸுக்கு அது போதாமல் போகலாம், ஆகவே அதற்கு மட்டும் அவகாசத்தை நீட்டிவைப்பது வழக்கம். மின்சாரம் போனதும் யுபிஎஸ்ஸோடு நேரடியாக இணைந்த சர்வர், நெட்வொர்க் வழியாக மற்றச் சர்வர்களுக்கெல்லாம் அணையும்படி செய்தி அனுப்பி, அவை அணைந்தபின் தான் கடைசியாக அணையும்படி அமைக்கலாம். இத்தனையும் ஒழுங்காக அமைத்துவிட்டு, அந்தச் செய்தி போகவேண்டிய நெட்வொர்க் ஸ்விட்சை மட்டும் யுபிஎஸ்ஸில் சேர்க்காமல் சுவரில் இருக்கும் சாதாரணப் பிளக்கில் செருகிவைத்திருக்கும் அலுவலகங்கள் அநேகம். கரண்ட் போன அந்த விநாடியிலேயே அதுவும் அணைந்துவிடுகிறது.